பத்து நிமிடம் முன்னால் போங்கள்

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் உதவிக் குழுக்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. குடித்துக் கெட்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் உட்கார்ந்து தெளிந்தவன். சுருக்கமாக ஏ.ஏ. என்போம். வாராவாரம் எங்கள் குழுவின் அறையைத் திறந்து நாற்காலி போடுவது என் பொறுப்பு. பத்திரிகையில் உறுப்பினரின் பெயரும் படமும் வரக்கூடாது என்பது, மரபுகள் என்று நாங்கள் சொல்லும் ஏ.ஏ. நெறிகளில் 11-வது. அதனால் இந்தப் பக்கத்தில் என் பெயர் இருக்காது. இங்கே எழுதியிருப்பது என் சொந்தக் கருத்து, குழுவின் அறிவிப்பு அல்ல.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. ராத்திரி குடிக்காமல் தூக்கம் வருவதில்லை. விட்டுவிட வேண்டும் என்று சில மாதங்களாகத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் கூட்டம் நடக்கிறதா என்று யாரிடம் கேட்பது? தெரிந்தவர் யாராவது அங்கே என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறையப் பேரை வாசலோடு திருப்பி அனுப்புவது அதுதான். குடியை விட விரும்புகிறவர்கள் மட்டும் உட்காருவது மூடிய கூட்டம். குடும்பத்தார், மாணவர்கள், மருத்துவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் அது திறந்த கூட்டம். இந்தப் பயம் இருக்கும்வரை மூடிய கூட்டத்துக்கே போங்கள். அங்கே தெரிந்த முகம் ஒன்று இருந்தால், அவரும் தன் குடிக்காகத்தான் வந்திருக்கிறார். உங்களைப் பார்த்ததை வெளியே சொல்ல வேண்டுமென்றால் தான் அங்கே இருந்ததையும் அவர் சொல்லியாக வேண்டும். இங்கே பார்த்தவரும் கேட்டதும் இந்த அறையோடு இருக்கட்டும் என்று கூட்டத்தை நடத்துபவர் நினைவூட்டுவார். முழுப் பெயர், வேலை, முகவரி எதையும் கேட்க மாட்டார்கள். ஆனால் இது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு, சட்டப் பாதுகாப்பு அல்ல. வழக்கு, காவல் நிலையம் என்று போகக்கூடிய விஷயம் ஏதாவது மனதில் கிடந்தால் அதைக் கூட்டத்தில் கொட்ட வேண்டாம், வக்கீலிடம் பேசுங்கள்.

இனி, தேடும் வழி. ஏ.ஏ. சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. பல நாடுகளில் அதற்கென்று இணையதளமும் உதவித் தொலைபேசியும் உண்டு. நாட்டின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கும். இணையம் பழக்கமில்லை என்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போன் போடுங்கள். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் இடங்களில் எந்தக் குழு எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று பெரும்பாலும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

பட்டியலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். குழு வேறு அறைக்கு மாறியிருக்கும், பட்டியலில் பழைய விலாசமே கிடக்கும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதல்முறை வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்தால் அப்படியே கடைப்பக்கம் திரும்பிவிடுவார். அப்படிப் போனவர்கள் பிறகு எங்களிடம் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே முந்தின நாள் போன் போடுங்கள். எடுக்கிறவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். “கூட்டத்துக்கு வரணும்னு நினைக்கிறேன்” என்று சொன்னால் போதும், உங்கள் கதையைப் போனில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் நடக்கிறதா, எந்த மொழியில் பேசுவார்கள், திறந்ததா மூடியதா என்று கேளுங்கள். கட்டடத்தில் எந்த வாசல், எந்த மாடி என்பதையும் விடாமல் கேளுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எந்தப் படியில் ஏறுவது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்கும்போதுதான் கால் பின்வாங்கும். “யாராவது கீழே நிற்பீங்களா?” என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். எங்கள் குழுவில் அப்படிக் கேட்டால் ஒருவர் கண்டிப்பாக இறங்கி நிற்பார்.

கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடக்கலாம், சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் நடக்கலாம், மருத்துவமனையில் நடக்கலாம். குழுவுக்கும் அந்த இடத்துக்கும் வாடகை உறவுதான், வேறு சம்பந்தம் கிடையாது.

போகிற அன்று பத்து நிமிடம் முன்னால் போங்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கூட்டம் தொடங்கிய பிறகு பின்வரிசையில் நுழைந்து, முடிவதற்குள் நழுவிப் போகிறவரை யாரும் தெரிந்துகொள்ள முடியாது. அவரும் யாரையும் தெரிந்துகொள்வதில்லை. முன்னால் வருகிறவர் என்னைத்தான் முதலில் பார்ப்பார். நான் நாற்காலி இழுத்துக்கொண்டிருப்பேன். “அந்த ரெண்டையும் இப்படிக் கொண்டு வாங்களேன்” என்பேன். கைக்கு ஒரு வேலை வந்ததும் முகத்து இறுக்கம் தளர்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நாற்காலி போட்டு முடிப்பதற்குள் அறையில் இருப்பவர்களில் நாலைந்து பேருடைய பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நேரமானதும் நடத்துபவர் ஒரு சின்ன முன்னுரை வாசிப்பார். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தேவை என்று அதில் வரும். எங்கள் 3-வது மரபும் அதையே சொல்கிறது. படிவம் கிடையாது, சந்தா கிடையாது. புதியவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பெயரை மட்டும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். எப்படிக் குடித்தோம், எது திருப்பியது, இப்போது எப்படி இருக்கிறோம் என்பதுதான் பேச்சு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, முடித்ததும் புத்திமதி சொல்வதும் இல்லை. உங்கள் முறை வரும்போது “இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்” என்றால் அடுத்தவரிடம் போய்விடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். நடுவிலோ கடைசியிலோ ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் புத்தகங்களுக்கும் உறுப்பினர்களே போடும் காசு அது. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. முதல்முறை வந்தவர் போட வேண்டாம், பையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முடிந்த பிறகும் பத்து நிமிடம் இருங்கள். இரண்டு பேரிடமாவது போன் நம்பர் வாங்குங்கள். மறுநாளே, ஒரு காரணமும் இல்லாமல், அந்த நம்பருக்குப் பேசுங்கள். “நேத்து வந்தேன்ல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றால் போதும். குடிக்கத் தோன்றாத நேரத்தில் பேசிப் பழகிய நம்பருக்குத்தான், குடிக்கத் தோன்றும் நேரத்தில் விரல் போகும். கூட்டம் வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் நீங்களும் உங்கள் போனும்தான். இந்தக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தவர்களும் முக்கியமான காரணங்களில் ஒன்றாக இதையே சொல்கிறார்கள்: குடிக்கிற சிநேகிதம் குறைந்து, குடிக்காத சிநேகிதம் கூடுகிறது.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒன்றில் வயதானவர்களே இருப்பார்கள், ஒன்றில் புத்தகம் வாசிப்பதிலேயே பாதி நேரம் போகும். இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

கேள்வி: காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது. வரும் திங்கட்கிழமையோடு சுத்தமாக நிறுத்திவிட்டு அன்றைக்கே கூட்டத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?

பதில்: தம்பி, முடிவு நல்லது, வரிசை தப்பு. முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். இதை நீங்கள் படித்த அன்றே செய்ய வேண்டும்.

காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலோடு உடம்பு தூக்கிப் போடும். அதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைக் கொண்டுபோய்விடும். மன உறுதி இருந்தால் தாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வலிப்புக்கு மன உறுதி தெரியாது.

மருத்துவரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த அளவை வைத்துத்தான் எவ்வளவு மருந்து, வீட்டில் இருந்தே நிறுத்தலாமா, வார்டில் சேர வேண்டுமா என்று முடிவெடுப்பார். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தயமின் என்ற பி1 விட்டமின் கொடுப்பார்கள், அது மூளையைக் காப்பதற்கு. சில நாள் சிகிச்சைக்குப் பிறகு நடுக்கம் அடங்கும். வார்டில் இருக்கும்போதே பக்கத்துக் குழுவிலிருந்து யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பல குழுக்கள் அதை ஒரு வேலையாகவே செய்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வரும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் ஒன்றாக அமைந்தால் ரொம்ப நல்லது.

இன்னொருவர், குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வரலாம். அன்றைக்குப் பேசாமல் கேளுங்கள் என்பார்கள். ரகளை செய்யாதவரை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் கணவர் கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்துவிட்டேன், சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். 15 வயது மகன் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். அவர் வராமல் நான் மட்டும் எங்கேயாவது போக முடியுமா? போய் என்ன பிரயோஜனம்?

பதில்: போக முடியும் அம்மா, போகத்தான் வேண்டும். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்ற குழு இருக்கிறது. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951-ல் அதைத் தொடங்கினார். கணவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற தனிக் குழு 1957 முதல் இருக்கிறது. அது பக்கத்தில் இல்லையென்றால் பள்ளி ஆலோசகரிடமாவது அவனைப் பேச வையுங்கள். வீட்டில் பேசாத பிள்ளை, அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையிடம் பேசுவான்.

அங்கே முதலில் காதில் விழுவது மூன்று விஷயம்: இந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அடக்க முடியாது, உங்களால் குணப்படுத்தவும் முடியாது. கேட்கும்போது சிலருக்குக் கோபம் வரும். அப்படியானால் நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றும். ஆறு கூட்டமாவது போன பிறகு முடிவு செய்யுங்கள் என்று அல்-அனானில் சொல்வார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அங்கே உட்காரும் பெண்கள் பேசுவதெல்லாம் நடைமுறை விஷயங்கள். ராத்திரி சட்டைப் பையைத் துழாவுவதை எப்படி நிறுத்தினேன், குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாத மனுஷனுக்காக ஆபீஸுக்கு ‘காய்ச்சல்’ என்று போன் பண்ணுவதை எப்படி நிறுத்தினேன், அவர் போதையில் இருக்கும்போது பேச்சை எப்படி வளர்க்காமல் விட்டேன் என்று சொல்வார்கள். அந்தப் பொய் போன் நின்ற பிறகுதான் குடியின் விலை முதல்முறையாகக் குடித்தவர் கணக்கில் ஏறுகிறது.

ஆனால் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கிராஃப்ட் என்ற பயிற்சி குடும்பத்தாருக்குத் தரப்படுகிறது. குடிக்காத நேரத்தில் எப்படிப் பேசுவது, எதைப் பாராட்டுவது, எப்போது விலகிப் போவது, சிகிச்சை என்ற சொல்லை எந்த நேரத்தில் எடுப்பது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் குடிப்பவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து சூழ்ந்துகொண்டு நெருக்கும் முறையில் 30 சதவீதம், அல்-அனான் வழியில் 13 சதவீதம். அல்-அனான் உங்களுக்காக இருக்கிறது, அவரை இழுத்து வருவதற்காக இல்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். போதை சிகிச்சை தரும் ஆலோசகரிடம் கிராஃப்ட் தெரியுமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அவர் கை நீட்டுகிறவர் என்றால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம். நீங்களும் பிள்ளையும் போய் இருக்கக்கூடிய ஒரு வீடு, கையில் கொஞ்சம் பணம், சான்றிதழ்கள் ஒரு பையில், கூப்பிட ஒரு நம்பர். அது முதலில்.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஒரு கூட்டத்துக்குப் போனேன், பிரார்த்தனையில் முடித்தார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. 1939-ல் அந்தப் படிகள் அச்சாவதற்கு முன்பே நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் சிலர் அதை எதிர்த்தார்கள். அவர்கள் விடாப்பிடியாக நின்றதால்தான் ‘நாங்கள் புரிந்துகொண்ட வகையில்’ என்ற சொற்கள் சேர்ந்தன. எங்கள் அறையில் ஒருவர் அந்தக் குழுவையே தனக்கு மேலான சக்தியாக வைத்துக்கொண்டிருக்கிறார், பிரார்த்தனை நேரத்தில் பேசாமல் நிற்பார். அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஏ.ஏ.வுக்குள்ளேயே பிரார்த்தனை இல்லாத குழுக்களும் உண்டு, 1975-லேயே சிகாகோவில் ஒன்று தொடங்கிவிட்டது.

அதுவும் வேண்டாம் என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி பாருங்கள். 1994-ல் தொடங்கியது. குடிக்கும் உந்துதல் வரும்போது மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து ஆராய்வது, குடிப்பதன் லாப நஷ்டத்தை எழுதிப் பார்ப்பது என்று உளவியல் சிகிச்சை முறைகளை வைத்து நடக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், அங்கே ஒருவருக்கொருவர் பேசி விவாதிக்கலாம். லைஃப்ரிங் என்றும் ஒரு மதச்சார்பற்ற அமைப்பு இருக்கிறது. பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டுமே இணையவழியில் கூடுகின்றன. எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே குடியை விட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: நான் ஒரு பெண். குடிக்கிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கூட்டம் முழுக்க ஆண்களாக இருப்பார்களே என்று நினைத்தாலே கால் வரவில்லை.

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தை எழுதவே உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாள் இல்லை. மார்ட்டி மான் என்ற பெண் 1939-லேயே ஏ.ஏ.வுக்கு வந்தார். பெண்கள் குடிநோயராக இருக்க முடியும் என்பதையே ஊர் ஒத்துக்கொள்ளாத காலம் அது. அவர் 1944-ல் குடிநோய் ஒரு நோய் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் அமைப்பையே தொடங்கினார். பெண்களுக்கென்றே விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற அமைப்பு 1975 முதல் இருக்கிறது. ஏ.ஏ.விலும் பெண்கள் மட்டும் கூடும் கூட்டங்கள் உண்டு. போனில் அதையே கேளுங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் வெளியே போவது கஷ்டம் என்றால் இணையவழிக் கூட்டத்தில் தொடங்குங்கள். கேமராவை அணைத்துவிட்டு, பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டு உட்காரலாம். ஆனால் அதிலேயே தங்கிவிட வேண்டாம். அங்கே ஒரு பெண்ணின் நம்பர் வாங்குங்கள், அவரோடு சேர்ந்து நேர்க் கூட்டத்துக்குப் போங்கள்.

கலப்புக் கூட்டத்துக்குப் போக நேர்ந்தால் நம்பரைப் பெண்களிடம் மட்டும் வாங்குங்கள். படிகளில் வழிநடத்தும் ஸ்பான்சரும் பெண்ணாகவே இருக்கட்டும், அதுதான் எங்கள் வழக்கமும். முதல் வாரத்திலேயே வீடு வரை கொண்டுவிடுகிறேன், தனியாகப் பேசலாம் என்று எந்த ஆண் சொன்னாலும், அவர் எத்தனை வருடம் குடிக்காதவராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை நடத்துபவரிடம் தெரிவியுங்கள். அப்படி ஒரு புகார் வந்தால் உடனே கவனிக்க வேண்டியது எங்கள் கடமை.

மருத்துவரையும் பாருங்கள். அதே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் சாராயம் அதிகமாக ஏறுகிறது, ஈரல் சீக்கிரமே கெடுகிறது. தள்ளிப் போட வேண்டாம்.

கேள்வி: டாக்டர் நால்ட்ரெக்சோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர், மாத்திரை சாப்பிட்டால் அது உண்மையான தெளிவு இல்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சை. கூட்டத்தில் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. வெளியீடே சொல்கிறது. அந்தப் பெரியவரைப் பணிவோடு விட்டு விலகுங்கள், கூட்டத்தை விட வேண்டாம். நால்ட்ரெக்சோன் குடியின் சுகத்தைக் குறைக்கிறது, அக்காம்ப்ரொசேட் விட்டபின் வரும் தவிப்பைத் தணிக்கிறது. டைசல்பிராம் சாப்பிட்டுக் குடித்தால் உடம்பு கடுமையாகப் பாதிக்கும். அதை ஒருவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, செய்யாதீர்கள்.

கூட்டத்தால் பலன் உண்டா என்ற கேள்வியும் நிறைய வருகிறது. 2020-ல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கு மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வில் சேர்ந்து ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியது. மாத்திரையும் கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

கேள்வி: பதினோரு மாதம் குடிக்காமல் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் சறுக்கிவிட்டேன். மூன்று வாரமாகக் கூட்டத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பதில்: இந்த முகத்தோடுதான். இன்றைக்கே குழுவில் ஒருவருக்குப் போன் போட்டு “மறுபடி குடிச்சிட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்திலும் உங்கள் முறை வந்ததும் அதையே முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் அத்தனை பேர் நடுவிலும் தனியாகத்தான் இருப்பீர்கள். உங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அந்த அறையில் பாதிப் பேர் அந்த வழியாக வந்தவர்கள். மூன்று வாரமும் தினமும் குடித்திருந்தால் மட்டும், நிறுத்துவதற்கு முன்பு மருத்துவரைப் பாருங்கள். காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் குழுவே இல்லை. மிக அருகில் இருப்பதும் மூன்று மணி நேரப் பயணம். நான் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நானே ஒன்று தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. தொடங்கியதே அப்படித்தான். 1935 மே மாதம் பில் வில்சன் வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். காரியம் கெட்டுப்போய், ஹோட்டல் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பார். குடிக்காமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாருக்குள் போகாமல், அங்கே மாட்டியிருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். பேச இன்னொரு குடிநோயர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் தருவேன் என்று வந்த அந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது. அன்றைக்கு இருந்தவர்கள் இரண்டு பேர்.

உங்களுக்கும் இன்னொருவர் கிடைத்தால் போதும். அந்த மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள குழுவுக்கு மாதம் ஒருமுறையாவது போய்க்கொண்டிருங்கள், இல்லையென்றால் இணையவழிக் கூட்டத்தில் உட்காருங்கள். தொடங்குகிறவருக்கும் சாய்ந்துகொள்ள ஆள் வேண்டும். அறையை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம், பொது இடமாகப் பாருங்கள். கிழமையையும் நேரத்தையும் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மழையோ பண்டிகையோ மாற்றாதீர்கள். மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும், பக்கத்தில் உள்ள பொதுநல மருத்துவர்களுக்கும், காவல் நிலையத்துக்கும் கிழமை, நேரம், போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். முதல் சில மாதம் நீங்கள் இருவர் மட்டுமே உட்கார வேண்டி வரலாம். அந்த வாரங்களிலும் முன்னுரையை வாசித்து, முறைப்படி பேசி முடியுங்கள். உங்கள் இருவருடைய தெளிவுக்கும் அது கணக்கில் சேரும். நாட்டின் ஏ.ஏ. சேவை அலுவலகத்துக்கு எழுதினால் குழுவைப் பதிந்துகொண்டு, புதிய குழுக்களுக்கான கையேடும் வெளியீடுகளும் எப்படிப் பெறுவது என்று சொல்வார்கள்.